மூளையில் மொழி எங்கே இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையில் அடிபட்டால் பேச்சு போகும் என்பது முதன்முதலில் எப்போது தெரிந்தது?

கவனித்தது மிகப் பழைய காலத்தில். காரணம் புரிந்தது வெகு பின்னால். கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுருள் ஒன்றை 1862இல் எட்வின் ஸ்மித் என்பவர் லக்சரில் விலைக்கு வாங்கினார். அதில் 48 நோயாளிகளின் காயங்கள் வரிசையாகப் பதிவாகியுள்ளன. 22ஆவது ஆளுக்குப் பொட்டெலும்பு நொறுங்கியிருக்கிறது. கூப்பிட்டால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. எழுதியவர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். மூளைதான் பேச்சைத் தருகிறது என்ற முடிவு அங்கே இல்லை.

கிரேக்கர்களிடம் இரண்டு கட்சி இருந்தது. ஹிப்போகிராட்டிஸ் மரபினர் சிந்தனையை மூளையில் வைத்தார்கள். அரிஸ்டாட்டில் இதயத்தில் வைத்தார். மூளையின் வேலை உடலைக் குளிர்விப்பது என்றார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மருத்துவர் காலென் ஒரு சோதனை செய்து காட்டினார். உயிருள்ள பன்றியின் குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்ததும் அதன் அலறல் சட்டென நின்றது. துள்ளல் மட்டும் நிற்கவில்லை. குரல் மூளையிலிருந்து நரம்பு வழியாக ஆளப்படுகிறது என்பதற்கு இது வலுவான ஆதாரம். ஆனால் குரல் வேறு, மொழி வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது அதற்குப் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தது.

அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லையா?

நடந்தது, ஆனால் தவறான இடத்தில். 4ஆம் நூற்றாண்டில் நெமெசியஸ் எழுதியதைப் பின்பற்றி, மூளைக்குள் இருக்கும் திரவ அறைகளில்தான் மனத்தின் திறன்கள் குடியிருக்கின்றன என்று நம்பினார்கள். முன்னறையில் கற்பனை, நடுவறையில் பகுத்தறிவு, பின்னறையில் நினைவு. சொல் வராதவனுக்கு நினைவு போய்விட்டது என்று கருதினார்கள். ஆகவே பழி பின்னறை மேல் விழுந்தது. விலங்குகளுக்கும் இதே அறைகள் இருக்கின்றனவே என்று உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் 16ஆம் நூற்றாண்டில் கேட்டார். 1664இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் கவனத்தை அறைகளிலிருந்து மூளைத் திசுவுக்கே திருப்பினார்.

கோட்பாடு தவறாக இருந்தாலும் நோயாளிகளைப் பார்த்து எழுதிய குறிப்புகள் சில அபாரமானவை. 1770இல் ஜெர்மன் மருத்துவர் யோஹான் கெஸ்னர் ஒரு முதியவரைப் பற்றி எழுதினார். அவர் தங்குதடையில்லாமல் பேசுவார், ஆனால் யாருக்கும் விளங்காது. எழுதச் சொன்னாலும் அதே அர்த்தமற்ற கோவைதான் வரும். கையும் வாயும் ஒரே தவறைச் செய்வதால் கோளாறு நாக்கில் இல்லை என்பது வெளிப்படை.

மண்டையோட்டின் மேடுபள்ளம் பார்த்து மனத் திறனைக் கணித்த பிரான்ஸ் ஜோசப் கால் என்பவரை ஏன் இந்த வரலாற்றில் சேர்க்கிறார்கள்?

அவருடைய ஆதாரம் குப்பை, கேள்வி மட்டும் சரி. பள்ளியில் மனப்பாடத்தில் கெட்டிக்காரர்களாக இருந்த மாணவர்களுக்குக் கண்கள் துருத்தியிருந்ததாக அவருக்குத் தோன்றியது. அதனால் சொற்களுக்கான பகுதி கண்ணுக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியான நெற்றி மடலில் இருக்க வேண்டும் என்றார். மூளையின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு வேலை என்ற எண்ணத்தை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது அவர்தான். எதிர்த்தவர் பியேர் ஃப்ளோரன்ஸ். பறவைகளின் பெருமூளையைப் படிப்படியாக வெட்டியெடுத்துப் பார்த்து, திறன்கள் எல்லாம் மொத்தமாகத்தான் குறைகின்றன, தனித்தனி இடம் கிடையாது என்றார். மொழியே இல்லாத பிராணியை வைத்து மொழியைப் பற்றி முடிவு கட்ட முடியாது என்பதை அன்று அதிகம் பேர் யோசிக்கவில்லை.

பாரிஸ் மருத்துவர் ழான்-பாப்டிஸ்ட் பூயோ மட்டும் 1825இல் நோயாளிகளின் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்து, பேச்சு நெற்றி மடல்களைச் சார்ந்தது என்று வாதிட்டார். நெற்றி மடல்கள் இரண்டும் கடுமையாகச் சிதைந்தும் பேச்சு கெடாத ஒரு ஆளைக் காட்டுபவருக்கு 500 பிராங்க் தருவதாக 1848இல் பந்தயமும் கட்டினார்.

1861இல் புரோக்கா சரியாக என்ன பார்த்தார்?

பாரிசின் மானுடவியல் சங்கத்தில் அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் பூயோவின் மருமகன் எர்னெஸ்ட் ஓபெர்தென் ஒரு நிகழ்வைச் சொன்னார். நெற்றியில் சுட்டுக்கொண்ட ஒருவரின் மூளை வெளியே தெரிந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது நெற்றி மடலைத் தட்டையான கரண்டியால் மெல்ல அழுத்தினால் பேச்சு பாதிச் சொல்லில் நின்றது. எடுத்தால் திரும்பவும் வந்தது.

சில நாட்களில் பிசெத்ர் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். வயது 51, அழுகிய வலது கால். 21 ஆண்டுகளாக எதைக் கேட்டாலும் அவர் சொன்னது ‘தான், தான்’ என்ற ஓசை மட்டும். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டதும், விரல்களை நான்கு முறை ஐந்தைந்தாக விரித்து, பிறகு ஒரு விரலைக் காட்டினார். கணக்கு சரி. அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது ஆத்திரம் வந்து, கடவுளை இழுத்து ஒரு முழு வசைச்சொல் தெளிவாக வெளிவந்தது. அந்த வசை முக்கியம். கீழே மீண்டும் வரும்.

ஏப்ரல் 17 அன்று அவர் இறந்தார். இடது நெற்றி மடலின் மூன்றாவது மடிப்பை மையமாகக் கொண்டு கோழிமுட்டை அளவுக்குக் குழி இருந்தது. மறுநாளே புரோக்கா மூளையைச் சங்கத்தில் காட்டினார். அதே ஆண்டில் லெலோங் என்ற 84 வயது முதியவர் கிடைத்தார். அவரிடம் மிச்சமிருந்தது ஐந்து சொல்தான். எந்த எண்ணைச் சொல்ல வேண்டுமானாலும் ‘மூன்று’ என்பதன் குறைச்சொல்தான் வரும், ஆனால் விரல் சரியான எண்ணைக் காட்டும். நான்கு பிள்ளைகள் என்பதற்கு வாய் மூன்று என்றது, கை நான்கு விரலை நீட்டியது. அவருடைய மூளையிலும் ஏறக்குறைய அதே இடம் பழுது. ஆனால் பழுதின் அளவு சிறியது.

இன்றைக்குப் பார்த்தால் புரோக்காவின் மிகப் பெரிய தொலைநோக்கு, லெபோர்னின் மூளையை அறுக்காமல் சாராயத்தில் பாதுகாத்ததுதான். 2007இல் நினா டிரான்கர்ஸ் குழு அதை எம்ஆர்ஐ எடுத்தது. சேதம் மேற்பரப்போடு நிற்காமல் உள்ளே வெகுதூரம், மடல்களை இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றைகள் வரை போயிருந்தது. மேற்பரப்பை மட்டும் பார்த்து எடுத்த முடிவு பாதி உண்மை என்பது 146 ஆண்டு கழித்து அதே மூளையிலிருந்தே தெரிந்தது.

மொழி இடது பக்கம் என்பதைக் கண்டுபிடித்தவர் புரோக்காவா, டாக்ஸா?

முன்னுரிமைத் தகராறு இன்னும் ஓயவில்லை. தென்பிரான்சு மருத்துவர் மார்க் டாக்ஸ், பேச்சிழந்தவர்களுக்கு மூளையின் இடது பாதியான இடது அரைக்கோளமே பழுதாகிறது என்று 1836இல் ஒரு கட்டுரை எழுதியதாக அவருடைய மகன் குஸ்தாவ் கூறினார். அந்தக் கட்டுரை 1863இல் பாரிசுக்கு அனுப்பப்பட்டு, 1865இல் அச்சானது. புரோக்கா 1863இல் எட்டு நோயாளிகளிலும் இடது பக்கமே பழுது என்று கண்டு தயங்கினார். 1865இல்தான் உறுதியாக எழுதினார். முதலில் எழுதியவர் டாக்ஸ், உலகம் ஏற்கும்படி மூளைகளைக் காட்டி நிறுவியவர் புரோக்கா என்பதே நியாயமான தீர்ப்பாகப் படுகிறது.

வெர்னிக்கே புதிதாக என்ன சேர்த்தார்?

26 வயதில், 1874இல், பிரெஸ்லாவில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே எழுதிய சிறு நூல் விவாதத்தையே மாற்றியது. அவருடைய நோயாளிகள் சரளமாகப் பேசினார்கள். ஆனால் சொற்கள் இடம்மாறின, ஓசைகள் கலந்தன, பிறர் சொல்வது விளங்கவில்லை. பழுது இடது பொட்டு மடலின் (காதுப்பக்க மூளைப் பகுதி) மேல் மடிப்பில், பின்பக்கம்.

இன்னொரு மையத்தைக் கண்டுபிடித்தது சின்ன விஷயம். புரோக்காவின் இடத்துக்கும் இதற்கும் நடுவே உள்ள இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டதுதான் பெரிது. இரண்டு மையமும் நன்றாக இருக்க, பாதை மட்டும் போனால், ஒருவர் புரிந்துகொள்வார், சரளமாகப் பேசுவார், ஆனால் சொற்கள் பிசகும் என்று முன்கூட்டியே சொன்னார். 1885இல் லுட்விக் லிக்டைம் இதை வீடு போன்ற ஒரு வரைபடமாக்கி, கேட்டதைத் திருப்பிச் சொல்ல முடியாமைதான் அந்த வகையின் அடையாளம் என்று திருத்தி, மொத்தம் ஏழு வகைகளைக் கணித்தார். 1892இல் ஜூல் டெஜெரின், எழுத முடிந்தும் தான் எழுதியதையே படிக்க முடியாத ஒருவரின் பிரேதப் பரிசோதனையை வெளியிட்டார். பார்வையிலிருந்து மொழிக்குப் போகும் வழி அடைபட்டிருந்தது. வரைபட முறையின் உச்சம் அது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா?

இல்லை. எதிர்த்தவர்களின் வாதங்கள்தான் காலத்தால் நன்றாக நிலைத்தன.

லண்டனில் நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1870களிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தினார்: பேச்சைக் கெடுக்கும் பழுது எங்கே என்று காட்டுவது ஒன்று, பேச்சு எங்கே இருக்கிறது என்று காட்டுவது வேறொன்று. இந்த வரலாற்றில் ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் அது இதுவாக இருக்கட்டும். லெபோர்னின் வசையையும் அவரால் விளக்க முடிந்தது. திட்டுவது, எண்ணுவது, வாழ்த்துச் சொல்வது, மனப்பாடப் பாடல் எல்லாம் தானாக வருபவை. புது வாக்கியம் அமைப்பது வேறு. முன்னது தப்பிப் பிழைக்கலாம், பின்னது அழியலாம்.

சிக்மண்ட் பிராய்ட், உளப்பகுப்பாய்வுக்கு வருமுன், 1891இல் மையங்கள் என்ற எண்ணத்தையே தாக்கி ஒரு நூல் எழுதினார். 1906இல் பியேர் மரீ மூன்றாவது நெற்றி மடிப்புக்கு மொழியில் தனிப் பங்கே இல்லை என்று அறிவித்து, 1908இல் டெஜெரினோடு பாரிசில் நேருக்கு நேர் மோதினார். முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களைப் பார்த்த ஹென்றி ஹெட், 1926இல் முன்னோர்களை ‘வரைபடக்காரர்கள்’ என்று கிண்டலடித்தார். ஹெட்டின் கிண்டல் கொஞ்சம் மிகையானது. 1965இல் நார்மன் கெஷ்விண்ட் இணைப்பு அறுபடும் நோய்களைப் பற்றி எழுதியபோது வெர்னிக்கே மறுபடி எழுந்து வந்தார்.

பேச்சு திக்கித் திணறி வரும் புரோக்கா வகை நோயாளிக்கு எல்லாம் புரியும் என்கிறார்களே?

அப்படித்தான் 1970கள் வரை நினைத்தார்கள். 1976இல் கரமாசாவும் சூரிஃபும் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். ‘பையன் தின்னும் ஆப்பிள் சிவப்பு’ போன்ற வாக்கியத்தில் இலக்கணம் தெரியாவிட்டாலும் பிழைக்கலாம். ஆப்பிள் பையனைத் தின்னாது. யாரும் யாரை வேண்டுமானாலும் துரத்தியிருக்கலாம் என்பது போன்ற வாக்கியங்களில் அவர்கள் ஊகத்தில்தான் பதில் சொன்னார்கள்.

தமிழில் இதை உடனே உணரலாம். ‘நாய் துரத்திய பூனை’, ‘நாயைத் துரத்திய பூனை’: இரண்டிலும் அதே மூன்று சொற்கள், அதே வரிசை. ஓடுவது யார் என்பதைத் தீர்மானிப்பது ஒரு ‘ஐ’ மட்டுமே. சொல்லின் பொருள் தெரிந்து உருபு மட்டும் நழுவினால் இரண்டு படங்களில் எதைக் காட்டுவது என்று கேட்பவர் திணறுவார். அன்றாட உரையாடலில் சூழலே பாதி அர்த்தத்தைத் தந்துவிடுவதால் இந்தக் குறை வீட்டாருக்குத் தெரிவதில்லை.

உயிருள்ள மூளையில் மொழியை எப்படித் தேடினார்கள்?

ஸ்கேன் வருவதற்கு முன்பே இரண்டு வழி இருந்தது. இரண்டும் வலிப்பு அறுவை சிகிச்சையில் வளர்ந்தவை.

ஒன்று, ஜுன் வாடா 1949இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்ட சோதனை. கழுத்தின் உட்பக்கத் தமனிவரை குழாய் செலுத்தி, நோயாளியை இரு கைகளையும் தூக்கி எண்ணச் சொல்லி, அமோபார்பிட்டல் மருந்தைச் செலுத்துவார்கள். சில நொடிகளில் அந்த அரைக்கோளம் உறங்கும், எதிர்ப்பக்கக் கை விழும். அடுத்த சில நிமிடங்கள்தான் அவகாசம்: பொருளுக்குப் பெயர், கட்டளை, திருப்பிச் சொல்லல், நினைவுக்கான படங்கள். மருந்து தெளிந்த பின் மறுபக்கம். பின்மூளைத் தமனியின் பகுதிக்கு மருந்து பெரும்பாலும் போகாது என்பதும், நோயாளி மயங்கிவிட்டால் பேசாமைக்கு அர்த்தமில்லை என்பதும் இதன் பலவீனங்கள். இந்த முறையால் 1977இல் ராஸ்முசனும் மில்னரும் தந்த கணக்கு இன்றும் மேற்கோளாகிறது: வலக்கைக்காரரில் 96 சதவீதத்துக்கு மொழி இடப்பக்கம். இடக்கைக்காரரில் 70 சதவீதத்துக்கு இடம், 15க்கு வலம், 15க்கு இருபுறமும். இடக்கைக்காரருக்கு மொழி வலப்பக்கம் என்பது அப்படியே தவறு.

இன்னொன்று, மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு பெயர்பெறச் செய்த விழிப்பு நிலை அறுவை. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தலைத் தோலை மரக்கச் செய்தால் பெரும்பாலும் போதும். 5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு முனைகளால் சில மில்லிஆம்பியர் மின்சாரத்தை நொடிக்கு 50 அல்லது 60 துடிப்புகளாக ஒரு புள்ளியில் சில நொடி செலுத்தி, படத்தைக் காட்டி ‘இது ஒரு…’ என்று தொடங்கச் சொல்வார்கள். ‘இது ஒரு’ வந்து பெயர் மட்டும் வராவிட்டால் அது மொழிப் புள்ளி. எல்லாமே நின்றுவிட்டால் வாய்த்தசை முடங்கியதாகவும் இருக்கலாம். அதனால்தான் அந்தத் தொடக்கச் சொற்கள். ஒவ்வொரு புள்ளியையும் குறைந்தது மூன்று முறை, அடுத்தடுத்து அல்லாமல் சோதிக்க வேண்டும். மின்சாரம் நிறுத்திய பின்னும் அலைகள் தொடர்ந்தால் அந்த முடிவைத் தள்ளிவிட வேண்டும், வலிப்பு தொடங்கினால் குளிர்ந்த உப்புநீரை ஊற்றுவார்கள்.

1989இல் ஜார்ஜ் ஓஜமன் 117 பேரின் வரைபடங்களை அடுக்கிப் பார்த்தார். மொழிப் புள்ளிகள் பெரும்பாலும் 1 முதல் 2 சதுர சென்டிமீட்டர் திட்டுகள், அவை இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறியது. பாடநூல் படத்தை நம்பிக் கத்தி வைக்க முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

வேலை செய்யும் மூளையைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் ஒளிரும் இடம்தான் மொழியின் இடமா?

அது காட்டுவது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. நரம்பு வேலை செய்து சுமார் 5 நொடி கழித்துத்தான் உச்சம் வரும். அதற்குள் ஒரு முழு வாக்கியம் முடிந்திருக்கும். நேரம் தெரிய வேண்டுமானால் தலையில் மின்முனை வைத்துப் பார்க்கும் முறை வேண்டும். பொருந்தாத சொல் வாக்கியத்தின் இறுதியில் வந்தால் சுமார் 400 மில்லிநொடியில் ஓர் எதிர்மின் அலை எழுவதை 1980இல் குட்டாசும் ஹில்யார்டும் கண்டது அப்படித்தான்.

புள்ளியியலிலும் பொறி உண்டு. படத்தின் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால் சில கட்டங்கள் தற்செயலாகவே ‘ஒளிரும்’. 2009இல் கிரெய்க் பென்னட் குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து மனிதர் படங்களைக் காட்டியது; திருத்தம் செய்யாத கணக்கில் மீன் மூளையும் ஒளிர்ந்தது. திருத்தியதும் அணைந்தது. இன்னொன்று, ஒளிரும் இடம் தேவையான இடம் என்று பொருளில்லை. ஜாக்சனின் எச்சரிக்கை இங்கே தலைகீழாகப் பொருந்தும்.

சைகை மொழி வலது மூளையிலா?

இல்லை, இடதில். இடதில் பக்கவாதம் வந்த செவித்திறனற்றோருக்குச் சைகை மொழி இலக்கணத்தோடு குலைவதை பெல்லூகி, கிளைமா, போய்ஸ்னர் மூவரும் 1980களில் காட்டினார்கள். வலப்பக்கம் அடிபட்டவர்கள் படம் வரையத் திணறினாலும் சைகை இலக்கணத்தை விடவில்லை. காதும் வாயும் இல்லாமலேயே மொழி இடப்பக்கம் குடியேறுகிறது.

இரண்டு மொழி பேசுபவருக்குப் பக்கவாதம் வந்தால் எது திரும்பும்?

தியோதூல் ரிபோ முதலில் கற்றது என்றார். ஆல்பெர் பித்ர் 1895இல் அதிகம் பழகியது என்றார். இரண்டுக்கும் விலக்குகள் ஏராளம். பெரும்பாலோருக்கு எல்லா மொழிகளும் ஏறத்தாழ சேர்ந்தே திரும்புகின்றன. ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டு முடிவெழுதுவது இங்கே நடக்கும் பெரிய பிழை.

மொழிக்கான மரபணு கண்டுபிடித்துவிட்டார்களாமே?

ஃபாக்ஸ்பி2 மரபணுவைச் சொல்கிறீர்கள். மூன்று தலைமுறையில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பேச்சுக் கோளாறு இருந்த ஓர் ஆங்கிலக் குடும்பத்தில், 7ஆவது குரோமோசோமில் இது மாறியிருப்பது 2001இல் தெரிந்தது. முக்கியக் குறை வாயசைவுகளைக் கோப்பதில். எலிக்கும் பறவைக்கும் இதே மரபணு உண்டு. ‘இலக்கண மரபணு’ என்பது செய்தித்தாள் வைத்த பெயர்.

அப்படியானால் பாடநூலில் உள்ள இரு மையப் படம் பொய்யா?

மூன்று இடத்தில் தவறு. முதலாவது, புரோக்கா பகுதி (இடது நெற்றி மடலின் மூன்றாவது மடிப்பு) மட்டும் பழுதானால் பேச்சு பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடுகிறது. நீடித்த புரோக்கா வகை நோய்க்கு அதைவிடப் பெரிய, ஆழமான சேதம் வேண்டும் என்று 1978இல் மோர் காட்டினார். இரண்டாவது, ‘வெர்னிக்கே பகுதி’ என்று எதைச் சொல்கிறோம் என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. மூன்றாவது, பேசுவது முன்னே, புரிவது பின்னே என்ற பிரிவினை. நாய்–பூனை வாக்கியமே அதைக் கவிழ்க்கிறது.

இப்போது பலர் ஏற்பது ஹிக்கொக்கும் பொப்பலும் 2000 முதல் வளர்த்த இரட்டைப் பாதை மாதிரி. கேட்ட ஒலியிலிருந்து ஒரு வழி பொட்டு மடலின் கீழ்ப்பகுதி நோக்கிப் பொருளுக்குப் போகிறது, இருபக்கமும். இன்னொன்று மேலாக நெற்றி மடலுக்கு, வாயசைவுக்குப் போகிறது, பெரிதும் இடப்பக்கம். வெர்னிக்கேயின் இணைப்பு என்ற எண்ணம் இதில் உயிரோடு இருக்கிறது. மையம் என்ற எண்ணம்தான் கரைந்துவிட்டது.

பிறகு ஏன் மருத்துவர்கள் பழைய வகைப்பெயர்களையே பயன்படுத்துகிறார்கள்?

படுக்கையருகே பத்து நிமிடத்தில் வேலைக்காகிறது என்பதால். சரளம் இருக்கிறதா, புரிகிறதா, திருப்பிச் சொல்ல வருகிறதா என்ற மூன்று கேள்விக்கு ஆம்–இல்லை பதிலிட்டால் எட்டு வகை கிடைக்கும். செய்யும் வரிசை: முதலில் என்ன நடந்தது என்று சொல்லவிட்டுக் கேட்பது. அடுத்து கட்டளை, ஒரு படியிலிருந்து மூன்று படி வரை, கையால் சாடை காட்டாமல். பிறகு திருப்பிச் சொல்லல், பொருள்களுக்குப் பெயர், படித்தல், எழுதுதல்.

பிசகுவது இங்கெல்லாம்: காது கேட்கும் கருவியோ கண்ணாடியோ போடாமல் சோதித்தல், பள்ளிக்குப் போகாதவருக்கு எழுத்துக் கோளாறு என்று எழுதிவிடுதல், நாக்குத் தசை தளர்ந்து குழறுவதை மொழி இழப்பாக எண்ணுதல். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவருக்குப் புரிகிறது என்று நம்புவதும் அடிக்கடி நடக்கிறது. ‘இது பேனாவா?’ என்று கேட்டால் மட்டும் போதாது, அதே பேனாவைக் காட்டி ‘இது சாவியா?’ என்றும் கேட்க வேண்டும். சரளமாக உளறுபவரைக் குடிபோதை அல்லது மனக்குழப்பம் என்று ஒதுக்கிவிடுவது இவற்றில் ஆபத்தானது. பேச்சு திடீரென மாறியிருந்தால் அது பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். அது நோயாளியைக் கடைசியாக நன்றாகப் பார்த்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது, வீட்டார் கவனித்த நேரத்திலிருந்து அல்ல.